கோப்பையோடு வந்தவர்கள்

சைக்கிள் கவிழ்ந்தபோது ஆரோக்கியசாமி ஒரு பக்கம் விழுந்தார், சாக்கு மூட்டை இன்னொரு பக்கம் விழுந்தது. தண்டபாணியும் நானும் எங்கள் சைக்கிள்களை அப்படியே போட்டுவிட்டு ஓடினோம். இரண்டு பேருமே மூட்டையிடம்தான் ஓடினோம்.

பெண்ணாடம் தாண்டி, கருவேப்பிலங்குறிச்சிக்கு வரும் சாலை. சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிய டிராக்டர்கள் எதிரே வரிசை கட்டி வந்துகொண்டிருந்தன. ஒரு டிராக்டரிலிருந்து நழுவி விழுந்த கரும்பு ஆரோக்கியசாமியின் முன்சக்கரத்துக்குள் புகுந்துவிட்டது. கன்னியாகுமரியிலிருந்து மலைச்சரிவு, லாரி, நாய் எல்லாவற்றுக்கும் தப்பி வந்த மனிதர், வீட்டுக்குப் போகும் வழியில் கரும்பு தடுக்கி விழுந்தார்.

தண்டபாணி சாக்கைப் பிரித்து, உள்ளே திணித்திருந்த வைக்கோலை விலக்கி, விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டினார். டங் என்றது.

"விரிசல் இல்லப்பா. நல்லா இருக்குது," என்றார்.

"யோவ், நீ தட்டறது தப்பு. அடிப்பக்கம் தட்டு," என்று பள்ளத்திலிருந்து குரல் வந்தது.

அடிப்பக்கமும் டங் என்றது. ஆரோக்கியசாமிக்கு அப்போதும் நம்பிக்கை வரவில்லை. முழங்காலில் ரத்தம் வழிய நொண்டி நொண்டி மேலே வந்து, தானே நாலு இடம் தட்டிக் காதை வைத்துக் கேட்டார். அதற்குப் பிறகுதான் முழங்காலைப் பார்த்தார்.

சாக்குக்குள் இருந்தது

மூன்று வாரமாக இந்தப் பயணத்தைப் பற்றி எழுதிவருகிறேன். ஆரோக்கியசாமியின் கேரியரில் ஒரு சாக்கு மூட்டை இருந்ததாக ஒவ்வொரு வாரமும் எழுதினேன். அதில் என்ன இருந்தது என்று மட்டும் எழுதவில்லை. "வீட்ல எல்லாரும் படிக்கிற பத்திரிகை சார், கொஞ்சம் நாசூக்கா," என்று ஆசிரியர் சொல்லியிருந்தார். இனிமேல் நாசூக்குப் பார்த்தால் கதை நகராது. அது ஒரு கக்கூஸ் கோப்பை.

புத்தம் புதியது. வெள்ளை வெளேரென்று இருந்தது. எங்கள் ஊர் செராமிக் எஸ்டேட்டில், ஆரோக்கியசாமி வேலை பார்த்த சூளையில் வெந்தது. வெந்து வெளியே வரும் பீங்கானை விரல் முட்டியால் தட்டிப் பார்ப்பார்கள். கணீரென்று ஒலித்தால் நல்ல சரக்கு. மொத்தென்று கேட்டால் கண்ணுக்குத் தெரியாத விரிசல் எங்கோ ஓடியிருக்கிறது என்று அர்த்தம். ஆரோக்கியசாமிக்கு இது வியாதியாகவே ஆகிவிட்டிருந்தது. எங்கள் வீட்டுக்கு வந்தால் காபி டம்ளரைக்கூடத் தட்டிப் பார்த்துவிட்டுத்தான் குடிப்பார். அது எவர்சில்வர் டம்ளர்.

நான் அதே எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் சரக்கு அனுப்பும் பிரிவில் இருந்தேன். தினமும் லாரி லாரியாகக் கோப்பைகளை வைக்கோல் வைத்து ஏற்றி, பெயர் தெரியாத ஊர்களுக்கெல்லாம் அனுப்புவேன். பாதி இந்தியாவை நான்தான் உட்கார வைக்கிறேன் என்று வீட்டில் பெருமையடித்துக் கொண்டதும் உண்டு.

என் மனைவி விஜயா அதைக் கேட்டுச் சிரிக்கவில்லை. ஏன் சிரிக்கவில்லை என்று எனக்குத் தெரிய ரொம்ப நாள் ஆயிற்று.

பச்சைப் பாட்டில்

விஜயா எங்கள் ஊர்ப் பெண்கள் பள்ளி ஒன்றில் ஆசிரியை. காலையில் ஒரு பச்சைப் பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீர் பிடித்துப் பையில் வைத்துக்கொண்டு போவார். சாயங்காலம் அந்தப் பாட்டில் நிறைந்தபடியே திரும்பி வரும். அந்தத் தண்ணீரை முருங்கை மரத்துக்கு ஊற்றிவிட்டு அடுப்படிக்குப் போவார். மரம் செழிப்பாக இருந்தது.

ஒரு மாசியில் அவருக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. சிறுநீர்த் தாரையில் கிருமி என்றார் டாக்டர். மருந்து கொடுத்தார், சரியாயிற்று, திரும்பவும் வந்தது. இரண்டாவது முறை டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, இது சிறுநீரகம் வரை போய்விட்டது, இன்னொரு தரம் வந்தால் நான் பொறுப்பில்லை என்றார். நிறையத் தண்ணீர் குடிக்கவேண்டும், அடக்கவே கூடாது என்றார். இதை நான் வந்து சொன்னதும் விஜயா சிரித்தார்.

"தண்ணி குடிச்சா எங்கங்க போறது?"

பள்ளியில் ஒரு கழிப்பறை இருந்தது. அதன் பூட்டும் சாவியும் தலைமையாசிரியை அறையில் பத்திரமாக இருந்தன. கதவைத்தான் யாரோ கழற்றிக்கொண்டு போயிருந்தார்கள். குழாயும் கிடையாது. பெரிய வகுப்புப் பெண்கள் மாதத்தில் சில நாள் பள்ளிக்கே வருவதில்லை. டீச்சர்களுக்கு அந்த வசதியும் இல்லை, தினமும் வரவேண்டும்.

எனக்குக் கோபம் வந்தது. யார்மேல் கோபப்படுவது என்றுதான் தெரியவில்லை. மறுநாள் வேலைக்குப் போய், வடக்கே எங்கோ போகும் ஒரு லாரிக்குக் கோப்பை ஏற்றிவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை.

பார்க்கலாம்

பள்ளிக் குழுவின் தலைவர் ஒரு ரைஸ் மில் வைத்திருந்தார். ஊரே அவரை மில்லுக்காரர் என்றுதான் சொல்லும். பள்ளி வளாகத்தில் கிணற்றை ஒட்டி ஒரு மூலை காலியாகக் கிடந்தது. தண்ணீர் வசதி உள்ள இடம் அது ஒன்றுதான். அங்கே தன் தகப்பனார் நினைவாக ஒரு கலையரங்க மேடை கட்ட அவர் ஆசைப்பட்டார். மூன்று வருடமாக மேடையையும் கட்டவில்லை, இடத்தையும் விடவில்லை. நாங்கள் போய்க் கேட்டபோது, "பார்க்கலாம்," என்றார். எங்கள் பக்கத்தில் பார்க்கலாம் என்றால் பார்க்கப்போவதில்லை என்று பொருள்.

ஆக, பணம் சேர்ந்தாலும் கட்ட இடம் கிடையாது. அந்த மூலையை மில்லுக்காரர் விட்டால் விஜயா தண்ணீர் குடிக்கலாம். விடாவிட்டால் முருங்கை மரம் குடிக்கும்.

இதற்கு வழி கண்டுபிடித்தவர் செல்வராசு. இன்சூரன்ஸ் ஏஜென்ட். மைக்கைக் கண்டால் தானாக எழுந்து நிற்கும் ஜாதி. "கன்னியாகுமரிலேர்ந்து சைக்கிள்ல வாங்க. வழியில நன்கொடை வாங்குங்க. பேப்பர்ல வரும். வரவேற்பை நான் இங்க தடபுடலா வைக்கிறேன், மில்லுக்காரரையே தலைமைக்குப் போடுறேன். கூட்டத்துக்கு நடுவுல அவரு முடியாதுன்னு சொல்ல மாட்டாரு," என்றார். எல்லோரும் சைக்கிளில் வரவேண்டும் என்றவர், தனக்கு மட்டும் மூட்டுவலி என்று சொல்லிவிட்டார்.

சைக்கிள் கடை வைத்திருந்த தண்டபாணி, நான், ஆரோக்கியசாமி மூன்று பேரும் ரயிலில் சைக்கிளை ஏற்றிக்கொண்டு கன்னியாகுமரிக்குப் போனோம். செல்வராசு அடித்துக்கொடுத்த நோட்டீஸ் கட்டு என் பையில் இருந்தது. 'மாணவியர் அடிப்படை வசதி மேம்பாட்டு மிதிவண்டிப் பயணம்' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்.

நாகர்கோவிலில் அதைப் படித்த ஒருவர், "அப்படின்னா என்ன? ஃபேனா?" என்று கேட்டார். தண்டபாணி, "இல்லைங்க, அடிப்படை வசதி," என்றார். "பெஞ்சா?" என்றார் அவர். தண்டபாணி தலையைக் குனிந்துகொண்டார். அந்த மனிதர் கடைசிவரை விளங்காமலே போய்விட்டார். தண்டபாணி அவ்வளவு கூச்சக்காரர். தன் கடையில் வேலை நடுவே எழுந்து போகவேண்டுமென்றால்கூட, "ஒரு ஜோலியா போயிட்டு வரேன்," என்றுதான் சொல்வார்.

அன்றைக்குத்தான் ஆரோக்கியசாமி சாக்கைப் பிரித்தார். எதற்கு அதைக் கொண்டுவந்தார் என்று அதுவரை எங்களிடமும் சொல்லவில்லை. பஸ் நிலையத்தில் துண்டு விரித்து அதன்மேல் கோப்பையை வைத்தார். நோட்டீஸை யாரிடமும் நீட்டவில்லை.

ஒரு பூக்கார அம்மா வந்து பார்த்தார். "பொம்பளப் பிள்ளைங்க பள்ளிக்கூடத்துக்கா?" என்றார். ஆமாம் என்றோம். வேறு ஒன்றும் கேட்காமல் சுருக்குப் பையை அவிழ்த்தார். அதன் பிறகு கோவில்பட்டி, மதுரை, திருச்சி என்று வழியெல்லாம் அப்படித்தான். ஆண்கள் சிரித்தார்கள், பெண்கள் கொடுத்தார்கள். நோட்டீஸ் கட்டு, அதற்குப் பிறகு பிரிக்கப்படாமல் என் முதுகில் ஊரெல்லாம் சுற்றிவந்தது.

கருவேப்பிலங்குறிச்சியிலிருந்து ஒரு போன்

விழுந்ததில் ஆரோக்கியசாமியின் சைக்கிள் ரிம் வளைந்துவிட்டது. தள்ளிக்கொண்டே கருவேப்பிலங்குறிச்சி வந்து, ஒரு வேப்ப மரத்தடியில் உட்கார்ந்து தண்டபாணி கம்பி கம்பியாக முடுக்கி நேராக்கினார். மதியத்துக்குள் ஊர் போய்ச் சேருவதாக இருந்தோம். இனி சாயங்காலம்தான்.

அந்த ஊர்க்காரர் ஒருவர் வந்து நின்றார். "எங்கேர்ந்து வரீங்க?"

"கன்னியாகுமரிங்க."

"சைக்கிள்லயா? ஏன், பஸ்ஸு கெடைக்கலியா?"

ஊரை நெருங்கிவிட்டோம் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது. தூரத்து ஊர்களில் எங்களைப் பார்த்து வியந்தார்கள். சொந்த மண்ணில் பரிதாபப்பட்டார்கள்.

தாமதமாகும் என்று செல்வராசுவுக்குச் சொல்லத் தண்டபாணி டெலிபோன் பூத்துக்குப் போனார். அந்தச் சின்னப் பெட்டிக்குள் அவர், வெளியே பெஞ்சில் தங்கள் முறைக்குக் காத்திருந்த இரண்டு பெண்கள். கதவு சரியாகச் சாத்தாது. சாலையில் டிராக்டர் இரைச்சல். ஆரோக்கியசாமிக்குக் காயம் கழுவிக்கொண்டிருந்த எனக்கே அவர் பேசியது கேட்டது.

"ஆமா, விழுந்துட்டோம். ஆளுக்கு ஒண்ணும் ஆவல. கோப்பை பத்திரமா இருக்குது. ஆமாங்க, கோப்பை. கோப்பையோட வரோம். சாயங்காலம் ஆவும்."

பெஞ்சில் இருந்த பெண்களைப் பார்த்துக்கொண்டு அதற்குமேல் விளக்க அவருக்கு நா எழவில்லை. செல்வராசுவுக்குச் சாக்கு மூட்டை விஷயமே தெரியாது என்பதும் அந்த நேரத்தில் எங்கள் மூவருக்கும் நினைவில்லை. வழியில் ஏதோ ஒரு சங்கம் நம் ஆட்களைப் பாராட்டிக் கோப்பை கொடுத்திருக்கிறது என்று அவராகவே முடிவுகட்டிக்கொண்டார்.

டிஜிட்டல் பேனர் அப்போதுதான் எங்கள் ஊருக்கு வந்திருந்தது. ஒரு மதியத்துக்குள் யாரை வேண்டுமானாலும் சிரிக்கவைத்துத் தொங்கவிட்டுவிடலாம்.

பாலக்கரை

வெயில் தாழ்ந்து ஊருக்குள் நுழைந்தோம். உட்காரும் இடம் புண்ணாகி, மூன்று பேரும் சீட்டில் ஒரு பக்கமாகச் சாய்ந்தபடி மிதித்துக்கொண்டிருந்தோம். எங்கள் ஊர்ப் பாலக்கரையில் கூட்டம் நிற்பதைப் பார்த்து யாரோ மந்திரி வருகிறார் என்று நினைத்து ஓரமாக ஒதுங்கினேன். அப்போது வெடி வெடித்தது. பேண்டு வாத்தியம் எங்களைப் பார்த்துத்தான் வந்தது.

பேனரில் மில்லுக்காரர் ஆளுயரத்தில் கும்பிட்டுக்கொண்டிருந்தார். எங்கள் மூன்று முகமும் அடியில் தபால்தலை அளவில் இருந்தன. மேலே எழுதியிருந்தது: 'கோப்பை வென்று திரும்பும் எங்கள் ஊர்ச் சிங்கங்களே வருக.'

ஆரோக்கியசாமி இரண்டு தரம் படித்தார். பிறகு தண்டபாணியைப் பார்த்தார்.

"நான் கோப்பைன்னுதானே சொன்னேன்," என்றார் தண்டபாணி. அவர் முகத்தில் ரத்தமே இல்லை.

செல்வராசு மாலையோடு ஓடிவந்தார். நான் அவர் காதருகே விஷயத்தைச் சொன்னேன். பேண்டு சத்தத்தில் அவருக்கு ஒன்றும் கேட்கவில்லை. "தெரியும் தெரியும், எல்லாம் மேடையில பேசிக்கலாம்," என்றார். சாக்கைப் பார்த்து முகம் சுளித்து, "கோப்பைய இப்படியா எடுத்துட்டு வரது?" என்று, மில்லுக்காரருக்காக வாங்கிவைத்திருந்த பொன்னாடையால் மூட்டையை மூடினார். நாலு பேர் அதைத் தூக்கிக்கொண்டு மேடைக்குப் போனார்கள்.

கூட்டத்தின் முன்வரிசையில் பள்ளிப் பெண்களும் அவர்களுடைய அம்மாக்களும் உட்கார்ந்திருந்தார்கள். டீச்சர்கள் ஒரு பக்கமாக நின்றார்கள். விஜயாவைப் பார்த்தேன். அவர் இளைத்திருந்தார். கையில் அந்தப் பச்சைப் பாட்டில் இருந்தது, நிறையத் தண்ணீரோடு.

பொன்னாடையை நீக்கும்போது மில்லுக்காரருக்கு ஊர் நடுவில் அவமானம். அதற்குப் பிறகு பார்க்கலாம் என்றுகூடச் சொல்லமாட்டார். இத்தனை ஊர் மிதித்தது இதற்குத்தானா என்று நினைத்தேன்.

மேடையில் மில்லுக்காரர் மூட்டையை ஒரு முறை தூக்கிப் பார்த்தார். "நல்ல கனமா இருக்குதே, வெள்ளியா?" என்று பக்கத்தில் நின்ற ஆரோக்கியசாமியிடம் கேட்டார்.

"பீங்கானுங்க."

"பீங்கான்லகூட கோப்பை செய்யறாங்களா?"

"நம்ம ஊர்லதாங்க செய்யறோம்," என்றார் ஆரோக்கியசாமி. அவர் பொய் பேசுகிறவர் இல்லை.

மில்லுக்காரர் மைக்கைப் பிடித்தார். "நம்ம ஊருக்கு ரயிலு வந்துது. கரண்டு வந்துது. பேக்டரி வந்துது. கோப்பை மட்டும் வரல. இன்னைக்கு அதுவும் வந்துடுச்சி." கைதட்டல். அவருக்கு உற்சாகம் ஏறியது. "இந்தக் கோப்பைய யாரும் வூட்டுக்கு எடுத்துட்டுப் போவக்கூடாது. நம்ம பொண்ணுங்க படிக்கிற ஸ்கூல்லதான் வைக்கணும். ஸ்கூல்ல எந்த எடம் வேணும்னு டீச்சருங்க சொல்லட்டும். அந்த எடத்த நான் குடுக்கறேன். இது என் வாக்கு."

பேண்டு முழங்கியது. செல்வராசு பொன்னாடையையும் சாக்கையும் ஒருசேர உருவினார். போட்டோகிராபர், "தலைக்கு மேல தூக்குங்க, கேமராவப் பாருங்க," என்றார். மில்லுக்காரர் சொன்னபடி கேமராவைப் பார்த்தார். கையில் இருந்ததைப் பார்க்கவில்லை. இரண்டு கையாலும் தலைக்கு மேல் தூக்கினார். வைக்கோல் அவர் தோளில் உதிர்ந்தது.

கூட்டம் பார்த்தது. பேண்டுக்காரர்கள் ஒவ்வொருவராக வாசிப்பை நிறுத்தினார்கள். மில்லுக்காரர் மெல்ல அண்ணாந்து பார்த்தார். கீழே இறக்கினால் ஒப்புக்கொண்ட மாதிரி, தூக்கிக்கொண்டு நின்றால் போட்டோ. என்ன செய்வதென்று தெரியாமல் அப்படியே நின்றார். செல்வராசு, வாழ்க்கையில் முதல் தடவையாக, மைக் பக்கத்தில் இருந்தும் பேசாமல் நின்றார்.

ஊரே மில்லுக்காரரின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஆரோக்கியசாமி மட்டும் கோப்பையைப் பார்த்துக்கொண்டு, அது விழுந்தால் பிடிக்க இரண்டு கையையும் கீழே ஏந்தியபடி நின்றார்.

அப்போது விஜயா மேடை ஏறினார்.

எங்கள் வீட்டில்கூட அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. மைக்கைப் பிடித்தார். முதலில் மைக் கீச்சிட்டது.

"எல்லாருக்கும் வணக்கம். தலைவர் கையில இருக்கறது கக்கூஸ் கோப்பை," என்றார்.

பின்னால் யாரோ சிரித்தார்கள். அவர் நிறுத்தவில்லை.

"எங்க ஸ்கூல்ல உபயோகப்படற மாதிரி இது ஒண்ணு இல்ல. காலைல வந்தா சாயங்காலம் வூட்டுக்குப் போற வரைக்கும் நாங்க தண்ணி குடிக்கறதில்ல. பொண்ணுங்களும் குடிக்கறதில்ல. இந்த வார்த்தைய எப்படி வெளிய சொல்றதுன்னு தெரியாமதான் இத்தன வருஷம் சொல்லாம இருந்தோம். இன்னைக்குத் தலைவரே தூக்கிக் காட்டிட்டாரு. எந்த எடம் வேணும்னு எங்களையே சொல்லச் சொன்னாரு. சொல்றேங்க. கெணத்துப் பக்கத்துல இருக்கற அந்த மூலை."

முன்வரிசையில் ஒரு அம்மா கைதட்டினார். பக்கத்தில் இருந்தவர் தட்டினார். பிறகு பெண்கள் பக்கம் முழுக்கத் தட்டியது. அந்தச் சத்தம் அடங்க ரொம்ப நேரம் ஆயிற்று. நான் கூட்டத்துக்கு நடுவில், மிதித்து ஓய்ந்த காலோடு நின்று அழுதேன். தண்டபாணி என்னைப் பார்த்துவிட்டு வேறு பக்கம் திரும்பிக்கொண்டார், அவர் கண்ணும் சரியில்லை.

மில்லுக்காரர் கூட்டத்தை ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தார். அடுத்த தேர்தலில் அவர் நிற்கப்போவதாக ஊரில் பேச்சு இருந்தது. அம்மாக்களின் வரிசையை நிதானமாகப் பார்த்தார். பிறகு முகம் நிறையச் சிரித்து, கோப்பையை இன்னும் கொஞ்சம் உயரத் தூக்கினார்.

"குடுத்த வாக்கு குடுத்ததுதான். எடம் உங்களுது," என்றவர், மைக்குக்குக் கேட்காத குரலில், "புடிய்யா, கை நழுவுது," என்றார்.

ஆரோக்கியசாமி வாங்கிக்கொண்டார். வாங்கியதும் மேடையிலேயே தட்டிப் பார்த்தார். பக்கத்தில் மைக் இருந்ததால் பாலக்கரை முழுக்க டங் என்று கேட்டது.

கட்டடம்

கோடை விடுமுறையில் வேலை முடிந்தது. எஸ்டேட்டில் ஆளுக்கு ஒன்றாகக் கோப்பை கொடுத்தார்கள். கன்னியாகுமரி பார்த்த கோப்பையை டீச்சர்கள் பக்கம் பதித்தோம். சிமெண்ட் பூசுவதற்கு முன் கடைசியாக ஒரு தட்டு. யார் தட்டியது என்று சொல்லவேண்டியதில்லை.

தகப்பனார் பெயரில் கல்வெட்டு வைக்கலாமா என்று மில்லுக்காரரைப் போய்க் கேட்டோம். "அதெல்லாம் வேணாம்பா, வெளம்பரம் எனக்குப் புடிக்காது," என்று அவசரமாக மறுத்துவிட்டார். அவர் சம்பந்தப்பட்டு, அவர் குடும்பத்துப் பெயர் இல்லாமல் எங்கள் ஊரில் நிற்கும் ஒரே கட்டடம் அதுதான்.

பெண்கள் அதற்குத் தாங்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். வகுப்பு நடுவே கையைத் தூக்கி, "மிஸ், கோப்பைக்குப் போயிட்டு வரேன்," என்பார்களாம். தண்டபாணிக்கு இது ரொம்பப் பிடித்துப்போயிற்று. அவரும் அப்படியே சொல்ல ஆரம்பித்தார்.

பள்ளி திறந்த அன்று சாயங்காலம் நான் சீக்கிரமே வீட்டுக்கு வந்துவிட்டேன். விஜயா வந்தார், பையை மேசைமேல் வைத்தார், முகம் கழுவப் போனார். நான் பையைத் திறந்து பச்சைப் பாட்டிலை எடுத்தேன். கையில் கனமே இல்லை. கவிழ்த்துப் பார்த்தேன். ஒரு சொட்டுகூட வரவில்லை. இருந்தும் நம்பிக்கை வராமல், விரல் முட்டியால் ஒரு தட்டுத் தட்டிப் பார்த்தேன்.

அடுப்படி வாசலில் ஈர முகத்தோடு விஜயா நின்றுகொண்டிருந்தார்.

"என்னாங்க தட்டிப் பாக்கறீங்க? மதியமே தீந்துபோச்சி. நாளைக்கு வரும்போது இதவிடப் பெரிய பாட்டிலா ஒண்ணு வாங்கிட்டு வாங்க," என்றார்.